கண் இல்லாத எறும்பு

அருங்காட்சியகத்தில் எல்லார் வாயிலும் அவள் 'எறும்பக்கா'தான். இருபத்திரண்டு வருடமாக எறும்புகளை முக்கோண அட்டை நுனியில் ஒட்டி, இன்னது இன்னதென்று பிரித்து வைப்பவள். எறும்புக்கே வாழ்க்கைப்பட்டவள் என்று தங்கை கிண்டலடிப்பாள். படை எறும்பு விஷயத்தில் அவள் சொன்னால் சொன்னதுதான். மேலதிகாரிகூட மறுபேச்சு பேசமாட்டார்.

அன்று விடிந்ததும் வீட்டுக் குளியலறையில் மூன்று படை எறும்புகள் செத்துக் கிடந்தன. மூன்றையும் ஒரு குப்பியில் எடுத்துக்கொண்டாள். அறைக்குள் அப்பா படுத்த படுக்கை. கை கால் விளங்காது, பேச்சும் இல்லை. ஆமாம் என்றால் ஒரு முறை கண்ணை மூடித் திறப்பார். இல்லை என்றால் இரண்டு முறை.

அந்த எறும்பில் இரண்டு வகை, அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றுக்குத் தலையின் பக்கத்தில் ஊசிமுனை அளவு கண் உண்டு. தரைமேல் ஊர்ந்து வாசல் வழியே வரும். மற்றதற்குக் கண்ணே கிடையாது; மண்ணுக்கடியில் நடந்து, தரை விரிசலில் மேலேறி, அசையாமல் கிடப்பதைத் தின்னும்.

வேலைக்கு வந்ததும் ஒன்றை ஒட்டி, லென்சில் பார்த்தாள். கண் இருந்தது. உடனே வீட்டில் அப்பாவோடு இருந்த தங்கைக்குப் போன் செய்தாள்.

"கண்ணு இருக்கறதுதான்டி. வாசல்ல எறும்புப் பொடியால கோடு போட்டுட்டு நீ வேலைக்குக் கிளம்பு."

"அப்பாவைத் தனியா விட்டுட்டா?"

"அதான் நான் சொல்றேன்ல."

பதினொரு மணிக்கு, பெட்டியில் வைக்குமுன் ஸ்பிரிட் தொட்ட தூரிகையால் எறும்பின் தலையைத் துடைத்தாள். கண் நகர்ந்தது. வழுக்கிக்கொண்டு வந்து தூரிகையில் ஒட்டியது. வெறும் தூசி. மற்ற இரண்டையும் துடைத்துப் பார்த்தாள், கண் இல்லை. நேற்று வேலைக்குச் சேர்ந்தவள்கூடத் துடைத்துவிட்டுத்தான் பார்ப்பாள். போட்டது போட்டபடி ஓடினாள்.

வாசலில் பொடிக்கோடு கலையாமல் இருந்தது. சுவரில் எப்போதும் இருக்கும் பல்லியைக் காணோம். கழுத்துவரை போர்வை மூடியிருக்க, அப்பா விழித்தபடி கிடந்தார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்பா, எறும்பு வந்துச்சா?"

ஒரு முறை மூடித் திறந்தார்.

"போயிடுச்சாப்பா?"

இரண்டு முறை.

இதுவரை தனியாக அவரைத் தூக்கியதே இல்லை. இப்போது தூக்கினாள். பொடிக்கோட்டைத் தாண்டி வாசலுக்கு வெளியே கிடத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். கட்டிலில் அவர் படுத்திருந்த பள்ளம் கறுப்பாக இருந்தது. அது மெல்லத் தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் கால்கள் முழங்கால்வரை சிவந்து தடித்திருந்தன. ஒட்டியிருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டாள். ஒன்றுக்கும் கண் இல்லை.

"நான்தாம்பா தப்பாச் சொல்லிட்டேன்," என்று அழுதாள்.

அப்பா ஒரே ஒரு முறை கண்ணை மூடித் திறந்தார்.