பதினேழாம் எண்ணின் பதினோரு நிமிடம்

சித்தி பல்கலைக்கழக வரலாற்றுத் துறை வேலையை விட்டு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால். கையில் ஹெட்போன், ஒலிப்பதிவைக் காலால் மிதித்து நிறுத்தும் பெடல், பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம். மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் வீடு திரும்பி ஒன்பது நாள் ஆகியிருந்தது.

"என்ன சித்தி, லீவா?"

"ஆமா. சாகிற வரைக்கும்."

பேராசிரியரின் ஆய்வுக் குழு தொழிலாளர்களிடம் எடுத்துவரும் பேட்டிகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வதுதான் பத்தொன்பது வருடமாகச் சித்தியின் வேலை. ஒரு வார்த்தை விடமாட்டார். இருமினால் 'இருமல்', பேச்சு நின்றால் 'மௌனம், ஆறு நொடி'. சித்தப்பா இருந்த காலத்தில், "உன்கிட்ட சண்டை போடவே பயமா இருக்கு, ஆதாரம் வெச்சிருப்ப" என்பார். பேட்டி கொடுத்தவர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். தட்டச்சான பிரதி ஒன்று அவர்களுக்கும் போகும். திருத்தம் இருந்தால் கூப்பிட, அடியில் சித்தியின் தொலைபேசி எண் இருக்கும்.

பதினேழாம் எண், ஒரு சலவை ஆலையில் இஸ்திரி போட்ட அம்மா. முப்பது வருடத்துக்கு முன் அங்கே தீப்பிடித்தபோது, வெளியே பூட்டியிருந்த கதவுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் செத்துப்போனார்கள். பூட்டியது யார் என்பது யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்வி வந்ததும், "மெஷினை நிறுத்துங்க, இதுக்கு மேல வேணாம்" என்றார் அந்த அம்மா. பேட்டி எடுத்தவர் தவறான பொத்தானை அழுத்திவிட்டு, போன் பேச வெளியே போய்விட்டார். மேஜைமேல் கருவி ஓடிக்கொண்டே இருந்தது. அந்த அம்மா பக்கத்தில் இருந்த தன் மகளிடம் பேசியதெல்லாம் பதிவாகிவிட்டது. பதினோரு நிமிடம்.

சித்தி அதை முழுதாகக் கேட்டார். பிறகு அழித்தார். 'நிறுத்தச் சொன்னார். நிறுத்தப்பட்டது' என்று தட்டச்சு செய்து பிரதியை முடித்துவிட்டார்.

பதிவேட்டில் குறித்திருந்த ஒலிப்பதிவின் நீளத்தையும் பிரதியையும் ஒப்பிட்டுப் பார்த்த பேராசிரியர் கூப்பிட்டுக் கேட்டார். "அழிக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?"

"கேக்க நமக்கு யார் சார் கொடுத்தா?"

"சரி, செத்துப்போன ரெண்டு பேருக்காக யார் பேசறது?"

சித்தி ஹெட்போனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஆனால் அந்தக் கேள்வியும் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது. கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுவார். ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடப்பார். எனக்கும் ஓரிடத்தில் கால் தரிக்காது. வீட்டில் நாற்காலி நாலு, உட்காரத்தான் ஆளில்லை.

"என்கிட்ட மட்டும் சொல்லு சித்தி. யாரு பூட்டினா?"

"உன்கிட்ட சொல்றதுக்கு பதிலா ஊருக்கே தண்டோரா போட்டுடலாம்." கொஞ்ச நேரம் கழித்து, "நான் செஞ்சது சரிதானாடி?"

"தெரியல சித்தி."

"மூணு வருஷம் உலகம் சுத்தி இதைத்தான் கத்துட்டு வந்தியா?"

பிறகு ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தார். அங்கும் நிலைகொள்ளவில்லை. "வக்கீல் சொல்றதை மட்டும்தான் அடிக்கணும். இருமினா விட்டுடணுமாம்" என்று அலுத்துக்கொள்வார். செத்துப்போன இருவரையும் நினைத்துத் தூக்கத்தில் புரள்வார்.

ஒன்றரை வருடம் கழித்து, தெரியாத எண்ணிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. சித்தி ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அவருடைய வலது கால், அங்கே இல்லாத பெடலை மிதித்தது. பிறகு ஹெட்போனைக் கழற்றி, நானும் கேட்கும்படி மறுபடி ஓடவிட்டார்.

"அம்மா, நான் பதினேழாம் நம்பர் பேசறேன். நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினீங்க. அந்தக் காகிதத்தைப் பத்திரமா வெச்சிருக்கேன். கதவைப் பூட்டினது எங்கண்ணன்தான். போன மாசம் போய்ச் சேர்ந்துட்டாரு. இனிமே நான் யாருக்காக மறைக்கணும்? மெஷினை எடுத்துட்டு வாங்க, முதல்லேருந்து சொல்றேன். ஆனா செத்துப்போன ரெண்டு பேரோட பேரையும் போடணும். என் பேரையும் போடுங்க. நம்பர் வேணாம்."