எழுபத்திரண்டு கடையாணிகள்

அது கீழே விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை என்கிறார் சுகன்யா அக்கா. மாசி மாதக் கடைசி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அலமாரியைத் துடைக்க, மேல் தட்டில் தீபாவளிக்கு விற்றது போக மிஞ்சியிருந்த மர லாரியை ஒரு கையால் தூக்கியிருக்கிறார். லாரி சாய்ந்தது. காலடியில் ஏதோ உருண்டது. பல்லி எச்சம் என்று நினைத்து விளக்குமாற்றால் தள்ளப் போனவர் குனிந்து பார்த்தார். கடையாணி.

மாட்டு வண்டியில் சக்கரம் கழன்று ஓடாமல் அச்சின் முனையில் குறுக்கே ஓர் ஆணி அடிப்பார்களே, அதேதான். அக்கா செய்யும் மர லாரியில் அது விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கும். தலை மட்டும் உருண்டை.

அக்காவுக்கு முப்பத்தாறு வயது. ஊர் பள்ளிபாளையம். முன்பு ஒரு கடைசல் பட்டறையில் எட்டு வருடம் கட்டில் கால் கடைந்தார். இப்போது வீட்டுப் பின்பக்கம் தகரக் கொட்டகை போட்டு, ஒரு சின்ன லேத்து வைத்து, சக்கரம் கடைகிறார். பொம்மை லாரிக்கு, மாடல் வண்டிக்கு, நடைவண்டிக்கு. நான் மாடல் லாரி செய்கிறவன். திருச்செங்கோட்டில் என் அறை முழுக்க அவர் கடைந்த சக்கரங்கள்தான். பத்து சக்கரம் கேட்டால் பத்தையும் வரிசையாக நிறுத்தி, மேலே ஒரு கண்ணாடித் தட்டை வைத்துக் காட்டுவார். தட்டு ஆடாது. அப்படி ஒரு கை. அதனால்தான் அவர் தப்புச் செய்தார் என்பதை முதலில் என்னால் நம்பவே முடியவில்லை.

ஆனால் செய்திருந்தார். அவரே சொன்னார்.

லாரி பாடி கட்டும் பட்டறைகளில் மிஞ்சும் வேப்பந்துண்டுகளில்தான் கடையாணி சீவுவார். சீவியதும் அடிக்க மாட்டார். ஒரு தட்டில் பரப்பித் தகரத்தின் மேல் பத்து நாள் காய வைப்பார். மரம் எவ்வளவு சுருங்க வேண்டுமோ அவ்வளவும் சுருங்கிய பிறகுதான் துளையில் இறக்குவார். பசை வைக்க மாட்டார். குழந்தைகள் வாயில் வைக்கும் சாமானில் பசை எதற்கு என்பார். போன ஐப்பசியில் பத்து நாளும் மழை. தீபாவளிக்குப் பதினெட்டு லாரி போக வேண்டும். இரண்டு நாள் அடுப்புப் பக்கம் வைத்து எடுத்து அடித்துவிட்டார். அடிக்கும்போது கிண்ணென்று இறங்கியது. இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. ஈர மரம் அப்படித்தான் இறுக்கமாக நிற்கும், வெயில் வரும்வரை.

மாசியில் வெயில் வந்தது.

அந்தக் கடையாணியை எடுத்துக் கழுவி, அக்கா தன் வாயிலேயே போட்டுப் பார்த்தார். நாக்கின் மேல் புளியங்கொட்டை மாதிரி இருந்தது. கொஞ்சம் பின்னால் உருண்டதும் அவருக்கே குமட்டியது. துப்பிவிட்டுக் கொட்டகையில் உட்கார்ந்துவிட்டார். பதினெட்டு லாரி. ஒரு லாரிக்கு நான்கு. எழுபத்திரண்டு புளியங்கொட்டைகள், எந்தெந்த வீட்டிலோ, எந்தெந்தக் குழந்தையின் கையிலோ.

தறி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவர் தீனதயாளனிடம் சொன்னார். நாலு மாசமாக யாரும் ஒன்றும் சொல்லவில்லையே, அப்புறம் என்ன என்று அவர் கேட்டார். நாலு மாதமாக வெயில் இல்லையே என்றார் அக்கா. உடனே ஸ்கூட்டரை எடுத்துவிட்டார். அது தடதடவென்று கிளம்புவதைத் தீனதயாளன் வாசலில் நின்று பார்த்தார்.

“சக்கரம் ஓடுதோ இல்லையோ, நீ ஓடற” என்றார்.

சிரிப்பதற்குச் சொன்னதுதான். அக்கா சிரிக்கவில்லை.

பள்ளிபாளையத்திலேயே ஆறு லாரி விற்றிருந்தார். அன்று சாயந்திரத்துக்குள் ஐந்து வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு வீட்டில் லாரி பரணில் இருந்தது. ஒரு வீட்டில் நாய் கடித்து வைத்திருந்தது. அந்த நாயையும் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் வந்ததாகச் சொன்னார். ஆறாவது வீட்டுக்காரர்கள் மறுநாள் காலை கதவைத் திறந்தார்கள். எல்லா இடத்திலும் பழைய கடையாணியைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு, பல வருடம் காய்ந்த கட்டில் கால் துண்டில் சீவிய புதியதை அடித்துக் கொடுத்தார். பிடுங்கியதை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு எண்ணிக்கொண்டே வந்தார். அலமாரி லாரியோடு சேர்த்து இருபத்தெட்டு. அதில் பாதிக்கு மேல் இடுக்கியே தேவைப்படவில்லை, விரலால் இழுத்ததும் வந்துவிட்டதாம். இதைச் சொல்லும்போது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டினார்.

மீதிப் பதினொன்று சேலம் செவ்வாய்ப்பேட்டையில் குருமூர்த்தி கடைக்குப் போயிருந்தது. மரச்சாமான், சல்லடை, முறம், கூடவே பொம்மை என்று எல்லாம் விற்கும் கடை. புதன்கிழமை மதியம் அங்கே போனார். மூன்று லாரி விற்காமல் இருந்தது. எட்டு போய்விட்டது. யாருக்கு என்று குருமூர்த்திக்கு எப்படித் தெரியும்? அக்கா, ஒரு குரல் பதிவு பேசி வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பப் போவதாகச் சொன்னார். குருமூர்த்தி சல்லடையைக் கீழே வைத்துவிட்டார்.

“ஏம்மா, உன் பேர நீயே கெடுத்துக்கறயா? அப்புறம் உன் சக்கரத்த எவன் வாங்குவான்?”

“வாங்காட்டிப் போறாங்க போங்கண்ணா. நாளைக்கு எவ ஊட்டுலயாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா நான் லேத்து முன்னாடி உக்கார முடியுங்களா?”

குருமூர்த்தி தன் போனை எடுத்து நீட்டினார். தன்னிடம் லாரிக்காரர்கள் குழு மூன்று இருக்கிறது, அதில் போட்டால் ராத்திரிக்குள் கன்னியாகுமரி வரை போகும் என்றார்.

அந்தப் பதிவை நானும் கேட்டேன். என் போனுக்கும் அது சுற்றி வந்தது. பின்னால் ஆட்டோ ஹாரன், நடுவில் ஒரு இடத்தில் மூச்சு வாங்குகிறது.

“ஏனுங்க, நானு பள்ளிபாளையம் சுகன்யா பேசறனுங்க. மரத்துல லாரி பொம்ம செய்யறவங்க. தீபாவளிக்குச் செவ்வாய்ப்பேட்டைல வாங்குன லாரி யாரு ஊட்டுலயாச்சும் இருந்தா கொழந்தகிட்ட குடுக்காதீங்க. சக்கரத்துல அடிச்ச ஆணி கழலுதுங்க. என்ற தப்புத்தானுங்க. நானே வந்து மாத்தித் தாரேன், எந்த ஊரா இருந்தாலும் வாரேன். தயவு பண்ணி எடுத்து மேல வெச்சிருங்க.”

வியாழன், வெள்ளி, சனி. போன் அடித்தபடியே இருந்தது. திட்டியவர்களும் உண்டு. நாமக்கல்லில் ஒருவர், உன்னை நம்பித்தானே பிளாஸ்டிக் வேண்டாம் என்று வாங்கினேன் என்று கேட்டாராம். அது திட்டைவிட மோசமாக இருந்தது என்றார் அக்கா. சனிக்கிழமை சாயந்திரம் பாட்டிலில் அறுபத்தெட்டு கடையாணி. ஏழு லாரி கிடைத்துவிட்டது. ஒன்று பாக்கி.

அந்த மூன்று நாளும் வெயில் ஏறிக்கொண்டே போனது. காலையில் எழுந்ததும் அக்கா முதலில் பார்த்தது வானத்தைத்தான். மேகம் தெரிந்தால் கொஞ்சம் சோறு இறங்கியது. மேகமில்லாமல் வெளுத்துக் கிடந்தால் தட்டைத் தள்ளிவிட்டார். இன்றைக்கு அந்த நான்கும் இன்னும் கொஞ்சம் சுருங்கும் என்றே மனசு கணக்குப் போட்டது.

சனிக்கிழமை ராத்திரி குருமூர்த்தியே கூப்பிட்டார். அவருக்கு ஞாபகம் வந்திருந்தது. தீபாவளிக்கு முதல் நாள் ஒரு டிரைவர் வந்து வாங்கினார், இளம்பிள்ளைக்காரர். வாங்கியதோடு போகவில்லை. பக்கத்துக் கடை பெயின்டரைப் பிடித்து, லாரி முகப்பில் ‘நிலா’ என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் போனார். என் வண்டிக்கும் அதே பேர், என் மகள் பேர் என்று சொன்னாராம்.

ஞாயிறு விடிந்ததும் அக்கா கிளம்பினார். சங்ககிரி, மகுடஞ்சாவடி வழியாக இளம்பிள்ளை. இடையில் எங்கேயும் நிறுத்தவில்லை. ஊருக்குள் நுழைந்ததும் டீக்கடையில், நிலா என்று எழுதிய லாரி ஓட்டுகிறவர் வீடு எது என்று கேட்டார். அங்கே நின்ற ஒருவருக்குத் தெரிந்திருந்தது. காளியப்பன், அசாம் லைன் ஓட்டுகிறான், மூன்று நாளாகப் போன் எட்டவில்லை, சம்சாரம் தனப்பிரியா வீட்டில் சேலை நெய்கிறது என்று சொல்லிக் கையைக் காட்டினார்.

தறிச் சத்தம் தெருவுக்கே கேட்டது. அக்கா இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் தனப்பிரியா தறியை நிறுத்தி எழுந்து வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். அந்தப் பதிவை அவர் கேட்கவேயில்லை. அவர் போன் சாதாரண பட்டன் போன். அக்கா ஒரே மூச்சில் விஷயத்தைச் சொன்னார். தனப்பிரியா முகம் மாறிப்போய் உள்ளே ஓடித் தறிக்குழிப் பக்கத்திலிருந்து லாரியை எடுத்து வந்தார்.

முன்பக்கம் இரண்டு கடையாணி இருந்தது. பின்பக்கம் ஒன்று இருந்தது. ஒன்று இல்லை. அந்தச் சக்கரம் அச்சின் நுனியில் தொங்கிக்கொண்டு நின்றது.

“பாப்பா எங்கீங்க?” என்று கேட்டதாக அக்காவுக்கு ஞாபகம்.

தனப்பிரியா நிலா, நிலா என்று கூப்பிட்டபடி பின்கட்டுக்கு ஓடினார். அக்கா தரையில் மண்டியிட்டுத் தறிக்கு அடியில், பாய்க்கு அடியில், நூல் குப்பைக்குள் எல்லாம் தடவினார். இங்கே கிடந்துவிடு, இங்கே கிடந்துவிடு என்று வாய் முணுமுணுத்தது.

அப்போது பின்கட்டிலிருந்து ஒரு குழந்தை வந்தது. மூன்றரை வயது. கையில் தோசைக் கரண்டி. தன் லாரி இடம் மாறி இருப்பதைப் பார்த்து முகம் சுளித்தது. யார் என்ன என்று கேட்கவில்லை. குத்த வைத்து உட்கார்ந்து கரண்டியால் சக்கரங்களைத் தட்டியது. முன் சக்கரம், டக். மறுபக்கம், டக். பின் சக்கரம், டக். கடைசிச் சக்கரத்தைத் தட்டியபோது லொடக்கென்று ஆடியது. நிலா கரண்டியால் அதைக் காட்டி, அக்காவை நிமிர்ந்து பார்த்தது.

“பஞ்சரு.”

தனப்பிரியா சுவரில் சாய்ந்துவிட்டார். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது.

“அவங்கப்பா வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி ராடு வெச்சு எல்லா டயரையும் தட்டிப் பாப்பாருங்க, காத்து இருக்குதான்னு. இவளும் அதப் பாத்துட்டு தெனமும் தட்டுவா. நாலஞ்சு நாளா பஞ்சரு பஞ்சருன்னு சொல்லிட்டேதானுங்க இருந்தா. நான் தறில இருந்தனா, காதுல வாங்கல.”

அக்கா குழந்தையின் முன்னால் உட்கார்ந்தார். ஆணி எங்கே சாமி என்று கேட்டார். நிலாவுக்குப் புரியவில்லை. பாட்டிலைத் திறந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். உடனே நிலா எழுந்து மூலைக்குப் போய், ஒரு பழைய ஆயில் டப்பாவை இரண்டு கையாலும் இழுத்து வந்தது. காளியப்பன் லாரி நட்டு, வாஷர், பழைய பல்பு எல்லாம் போட்டு வைக்கும் டப்பா. கிரீஸ் படிந்த நட்டுகளுக்கு நடுவே, வெள்ளையாக, வேப்பமரக் கடையாணி.

“அப்பா வந்து மாட்டும்” என்றது நிலா.

கழன்ற சாமான் எந்த டப்பாவுக்குப் போக வேண்டும் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. வாய்க்குள் போடும் சாமானாக அதை நிலா நினைக்கவே இல்லை. அது வண்டிச் சாமான்.

எழுபத்திரண்டு. அக்கா எண்ணிப் பார்க்கவில்லை. பாட்டிலை மூடக்கூட முடியாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தனப்பிரியா அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். திட்ட வேண்டியவர் தடவிக்கொடுத்தாரே என்று இதை எழுதும்போதும் எனக்குக் கண் கலங்குகிறது. அழுகை அடங்கியதும் அக்கா நான்கு புதுக் கடையாணியையும் அடித்து முடித்து லாரியைத் தரையில் வைத்தார். நிலா விடவில்லை. கரண்டியால் நான்கையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கயிற்றைப் பிடித்தது. அக்கா எழுந்து நின்று, அது தெருக்கோடி வரை இழுத்துக்கொண்டு போவதை ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்தார்.

போன வாரம் நான் பன்னிரண்டு சக்கர மாடல் ஒன்றுக்குச் சொல்லிவைக்கப் போனேன். கொட்டகையில் பழைய கடையாணி ஒன்றுகூட இல்லை, எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிட்டார். இப்போது அச்சின் முனையில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு வட்டத் தட்டு. ஒரு பக்கத் தட்டை அச்சோடு சேர்த்தே கடைகிறார், மறுபக்கத்தை இறுக்கி அடிக்கிறார். கழன்றாலும் எந்தக் குழந்தை வாய்க்குள்ளும் நுழையாது. ஆனால் சக்கரத்தையே அது பாதி மறைக்கிறது. மாடலுக்கு இது நன்றாக இருக்காதே, என் அலமாரியில் குழந்தை எங்கே இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னேன்.

அக்கா லேத்தை நிறுத்தவில்லை.

“அலமாரி இருக்கற ஊட்டுக்குக் கொழந்த வராதுங்களா தம்பி? பாக்க அசிங்கமாவே இருந்துட்டுப் போகுது. எனக்குத் தூக்கம் வரோணும்.”

பக்கத்தில் ஒரு தோசைக் கரண்டி கிடந்தது. கடைந்து முடித்த சக்கரத்தை அச்சில் மாட்டி, தட்டை அடித்து, கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினார். காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டார். திருப்தி இல்லாதவர் போல இன்னொரு தடவை தட்டினார்.