கோழி ஷெட்டும் காலி பாயின்டரும்

மல்லசமுத்திரம் வட்டாரத்தில் எனக்கு அடங்காத மெஷின் கிடையாது.

இன்று அக்கா மகள் எங்கள் கோழி ஷெட் ஃபேன்களுக்கு சி மொழியில் புரோகிராம் எழுதினாள். பிழை பார்க்கும் டூல், அதை ஓட்டாமல் படித்தே எச்சரித்தது: ‘சென்சார் பாயின்டர் காலியாக இருக்கலாம்.’

"வெறும் வார்னிங்தானே, உடு சாமி. போர் போடற ரிக் வண்டியில எத்தன செவப்பு லைட்டப் பாத்தவன் நானு!"

"இல்லைங்க மாமா. சென்சார் எங்க இருக்குன்னு காட்டறதுதாங்க பாயின்டர். அது காலியா இருந்து, இல்லாத சென்சார்கிட்ட சூடு எவ்வளவுன்னு கேட்டா புரோகிராமே நின்னுரும், ஃபேனும் நின்னுருமுங்க. இந்த வெயில்ல கோழி தாங்குமா?"

"சென்சார் எங்க அம்மிணி போயிரும்?" என்றேன்.

கேட்ட பிறகுதான் உறைத்தது. கோழி ஏற்றி அனுப்பியதும் ஷெட்டைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவோம். நனையாமலிருக்க சென்சாரைக் கழற்றி வைப்பது நான்தான். போன முறை புது பேட்ச் குஞ்சுகளை இறக்கிய பிறகுதான் ஞாபகம் வந்து மாட்டினேன்.

அதைச் சொன்னேன். சென்சார் இல்லாவிட்டால் எல்லா ஃபேனும் ஓடும்படி ஒரு வரி சேர்த்தாள். யோசனை என்னுடையது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எங்கள் ஷெட்டையே பார்க்காத டூல் என்னை எப்படிக் கண்டுபிடித்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.