தர்க்கத்துறை நடுவழியில் தொங்கிய நாற்பது நிமிடங்கள்

டாக்டர் ஹில்மிக்கு மூன்று விஷயங்களில் பயம்: லிஃப்ட், கெய்ரோவிலிருந்து வரும் ஆய்வுக் குழு, உங்கள் மாணவர்கள் இப்போது என்ன வேலை பார்க்கிறார்கள் என்ற கேள்வி. நைல் டெல்டாவிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் இருபத்தாறு வருடம் தர்க்கவியல் கற்பித்தபடி மூன்றுக்கும் போக்குக் காட்டி வந்தார். அந்தச் செவ்வாய்க்கிழமை மூன்றும் சேர்ந்தே வந்தன.

வேலைக்கு உதவாத துறைகளை மூடிவிடுவது என்று முடிவாகியிருந்தது. மூடினால் ஐம்பத்து நான்கு வயது ஹில்மி தட்டச்சு கற்பிக்கப் போக வேண்டும். அவருக்கோ ஒரு விரலால்தான் தட்டத் தெரியும்.

குழு என்று வந்தவர் பொறியாளர் ரஷ்வான் ஒருவர்தான். மற்ற இருவரின் பயணப்படி மட்டும் பயணம் செய்திருந்தது.

ஹில்மி படிக்கட்டில் கால் வைத்தார்.

"லிஃப்ட் இருக்கறப்போ நாலு மாடி நடப்பாங்களா, டாக்டர்?" என்று கேட்டார் ரஷ்வான்.

துறையின் எதிர்காலம் கருதி ஹில்மி லிஃப்டில் ஏறினார். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் அது நின்றுவிட்டது. ஹில்மி தெரிந்த துஆப் பிரார்த்தனைகளையெல்லாம் சொல்லி முடித்து, முதலிலிருந்து தொடங்கினார்.

"சும்மாதானே நிக்கறோம், கேட்டுடறேன்," என்றார் ரஷ்வான். "உங்ககிட்ட படிச்சவங்க என்ன வேலை பாக்கறாங்க?"

"சாட்சி சொல்ல ஒரு பொண்ணு வர்றா. இன்ஷிராஹ்."

"வேலை?"

"ஃபூல் வண்டி. காலைல அவரைக்கொட்டை வேகவச்சு விக்கறா."

ரஷ்வான் மிக அழகான கையெழுத்தில் அதை எழுதிக்கொண்டார்.

ரஷ்வானே போன வருடம் தொடங்கி வைத்த லிஃப்ட் பழுதுபார்ப்புப் படிப்பில் தேறிய தொழில்நுட்பர் ஓடி வந்தார். மேலிருந்து குரல் வந்தது: "ஐயா, இது பழைய மாடல்! எங்க பாடத்துல புதுசு மட்டும்தான்!"

கம்பி முனகியது. ஹில்மி ரஷ்வானின் கையைப் பிடித்தார். ரஷ்வான் முன்பே ஹில்மியின் கையைப் பிடித்திருந்தார்.

நாற்பதாவது நிமிடம் படிக்கட்டில் இன்ஷிராஹ் வந்தாள்.

"டாக்டர், உள்ள லைட் எரியுதா?"

"எரியுதும்மா!"

"அப்ப கரண்ட் இருக்கு. ஏதோ ஒரு மாடில கதவு சரியா மூடல. இந்த லிஃப்ட் தனக்காக நிக்கணும்னு இன்னைக்கு யாருக்கு அவசரம்? விருந்தாளி வந்திருக்காங்க. விருந்தாளின்னா டீ." ஐந்தாம் மாடியில் டீ போடுபவரை நோக்கி அவள் மேலே பார்த்துக் கத்தினாள். "பய்யூமி மாமா! அஞ்சாம் மாடிக் கதவுல என்ன செருகி வச்சிருக்கீங்க?"

"கரண்டி! லிஃப்ட் மேல வர்ற சத்தம் கேட்டதும் கதவைத் திறந்து செருகிட்டேன். நான் டீயை ஊத்தறதுக்குள்ள எவனாச்சும் லிஃப்டை இழுத்துட்டுப் போயிடுவானே!"

"எடுங்க மாமா, உங்க விருந்தாளி உள்ளதான் தொங்கறாரு!"

லிஃப்ட் அசைந்தது. கதவு திறந்ததும் அவள் சொன்னாள்: "தர்க்கத்துல எனக்கு ஐம்பத்தெட்டு மார்க்தான் போட்டீங்க, டாக்டர்."

அறிக்கை பத்தே நாளில் வந்தது. துறை பிழைத்தது. தர்க்கவியலின் தொழிற்பயன் ஐயமற நிரூபணமானதால், வரும் பருவம் முதல் லிஃப்ட் பழுதுபார்ப்புச் செய்முறை வகுப்பு அத்துறையிலேயே நடக்கும். நடத்துபவர் டாக்டர் ஹில்மி. இடம், லிஃப்டின் உள்ளே.

ஹில்மி படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.