பக்கெட்டுக் கம்பெனி விசாலாட்சி

விசாலாட்சி எங்கே வேலை பார்க்கிறாள் என்று சொந்தக்காரர்களில் யாரைக் கேட்டாலும் "பக்கெட்டுக் கம்பெனி" என்பார்கள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியை விளக்கப் போய் அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்காருகிற சின்னம்மா, "எங்களுக்கெல்லாம் ஒரு பக்கெட்டு எடுத்துக்கினு வரக் கூடாதா? மூடி போட்டதா இருந்தா தேவல" என்று கேட்பாள். அது குளிக்கிற பக்கெட் இல்லை, கரண்டு வேலை செய்கிற ஆள் நின்றபடி கம்பத்து உயரத்துக்குப் போகிற பக்கெட் என்று எத்தனை தடவைதான் சொல்வது? இப்போதெல்லாம் "அடுத்த தபா எடுத்துக்கினு வர்றேன்" என்று சொல்லிவிட்டு இலையைப் பார்த்துச் சாப்பிடுகிறாள்.

வயது நாற்பத்தாறு. வீடு விழுப்புரத்தில். காலை பாசஞ்சரில் திண்டிவனம், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் பைபாஸ் ஓரத்துப் பட்டறை, சாயங்காலம் அதே வழியில் வீடு. பதினொரு வருஷமாக இதுதான். கண்ணாடி இழைத் தூள் கழுத்திலும் முழங்கையிலும் ஏறி அரிக்கும். வெந்நீர் ஊற்றினால் இன்னும் உள்ளே இறங்கும் என்பதால் மார்கழியிலும் பச்சைத் தண்ணீரில்தான் குளியல். தலையில் பிசின் வாடை. ரயிலில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் முதல் நாள் மூக்கைச் சுளிப்பார்கள், மறுநாள் வேறு இடம் பார்ப்பார்கள். அதனால் ஜன்னலோர சீட்டு அநேகமாக அவளுக்கே கிடைத்தது. இந்த வேலையில் அவள் கண்ட சுகம் அது ஒன்றுதான்.

பிறந்தது மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில். அங்கே எல்லாம் ஃபைபர் படகு. கல்யாணத்துக்கு முன்னால் படகு ஒட்டுகிற கொட்டகையில் கூலிக்குப் போய்க் கண்ணாடி இழைப் பாயை வெட்டி, பிசின் தடவி, காற்றுக் குமிழி இல்லாமல் உருட்டப் பழகியிருந்தாள். அந்தக் கைப்பழக்கம்தான் பட்டறையில் வேலை வாங்கிக் கொடுத்தது. கொட்டகையில் படகைப் பற்றி ஒரு பேச்சு உண்டு: "போட்டு தண்ணி குடிச்சிருக்கு." மேலே காய்ந்து பளபளவென்று இருக்கும், ஆனால் ஏதோ ஒரு விரிசல் வழியாக அடுக்குக்குள் ஈரம் ஊறியிருக்கும். படகு தண்ணீர் குடித்தால் கனக்கும், கூடுதலாக டீசல் தின்னும், அவ்வளவுதான். பட்டறைக்கு வருகிற பக்கெட் வண்டியின் கை தண்ணீர் குடித்தால் ஆள் செத்துப்போவான்.

கை என்றால், பக்கெட்டைத் தூக்கிப் பிடிக்கிற நீளமான பகுதி. கீழ்க்கை இரும்பு. மேல்கை ஃபைபர், உள்ளே குழாய் போல வெற்றிடம். பக்கெட்டில் நிற்பவன் தெரியாமல் கரண்டுக் கம்பியைத் தொட்டுவிட்டாலும், கரண்டு அவன் வழியாக வண்டிக்கும் தரைக்கும் இறங்கிவிடக் கூடாது. நடுவில் மறித்து நிற்பது அந்த ஃபைபர் கைதான். வருஷம் ஒருமுறை அதைத் துடைத்து, தட்டிப் பார்த்து, ஏதாவது இருந்தால் சரிசெய்து, பெரிய கரண்டு கொடுத்துச் சோதித்து, பாஸ் என்றால் சீட்டு ஒட்டி அனுப்ப வேண்டும். சீட்டில் விசாலாட்சியின் கையெழுத்து இருக்கும். முதலாளி ஜெகதீசன் அந்தப் பொறுப்பை அவளிடம் விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர். தூக்கம் கெட்டது இவளுக்கு.

இந்தக் கார்த்திகையில் புயல் அடித்து ஓய்ந்த திங்கட்கிழமை அந்த வண்டி வந்தது. ஓட்டிக்கொண்டு வந்தவன் வீரமுத்து. பக்கெட்டில் ஏறி வேலை செய்வதும் அவன்தான். கூடவே காரில் காண்ட்ராக்டர் கோகுலகிருஷ்ணன். பழைய சீட்டு காலாவதி ஆகியிருந்தது, புதுச் சீட்டு இல்லாமல் லைனில் கைவைக்கக் கூடாது என்று மின்வாரியத்தில் சொல்லிவிட்டார்கள்.

"இன்னிக்கே முடிச்சுக் குடுத்துடும்மா. கடலோரம் மொத்தமும் இருட்டா கெடக்குது" என்று சொல்லி, முதலில் போக வேண்டிய குப்பங்களின் பெயரை வாசித்தார். மூன்றாவது பெயர் அவள் பிறந்த குப்பம். அங்கே தம்பி பூவரசன் இருக்கிறான், அவன் மீன் வைக்கிற ஐஸ் பெட்டிகள் இருக்கின்றன, வயிற்றுப் பிள்ளைக்காரியாக அவன் பெண்டாட்டி இருக்கிறாள்.

கையைத் துடைத்தாள். பழைய ஐந்து ரூபாய்க் காசு ஒன்று அவள் பையில் எப்போதும் இருக்கும், தடித்தது. அதால் ஒரு சாணுக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போனாள். கணீர் கணீர் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் 'தொப்'பென்று அடங்கியது. திரும்பத் தட்டினாள். அதே தொப். நகத்தால் சுரண்டினாள். பெயிண்டுக்கு அடியில் பட்டி, கார் டிங்கர் கடையில் அப்புகிற அதே பட்டி. அதற்கு அடியில் சுண்டு விரல் அளவில் இரண்டு ஓட்டை.

"வீரமுத்து, இது என்னாப்பா?"

அவன் தரையைப் பார்த்தான். பிறகு வண்டியின் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு துணிமூட்டையை எடுத்துப் பிரித்தான். உள்ளே நாக்கைத் தொங்கப் போட்ட திருஷ்டி பொம்மை, கொம்பும் கோரைப்பல்லுமாக.

"போன வருசம் எங்க செட்டுல ஒருத்தன் கம்பத்துலருந்து வுழுந்துட்டான்க்கா. எங்க வூட்டுக்காரி பயந்துக்கினு இத வாங்கியாந்து, நீ ஏர்ற கையிலயே கட்டுன்னா. கட்டுனா காத்துல ஆடுது. அதான் ஆயுத பூசை அன்னிக்கு ட்ரில்லு போட்டு போல்ட்டு முடுக்கிட்டேன். இங்க வரச்சொல்லோ நீ திட்டுவேன்னு கயட்டிட்டு பட்டி வச்சேன்."

உயிர் பிழைக்கட்டும் என்று ஆசையாக வாங்கிக் கொடுத்த பொம்மைக்காக, உயிரைக் காப்பாற்றுகிற கையிலேயே ஓட்டை போட்டிருக்கிறான் மனுஷன். விசாலாட்சிக்குச் சிரிப்பு வர வேண்டியது, வரவில்லை. இரண்டு மாச மழையும் அந்த ஓட்டை வழியாகத்தான் இறங்கியிருக்கிறது.

"கை தண்ணி குடிச்சிருக்குப்பா" என்றாள்.

ஒருவேளை தப்பித்துவிடுமோ என்று அவளுக்கும் ஆசை இருந்தது. பொய் சொல்வானேன். சுற்றிலும் கயிறு கட்டி, எல்லோரையும் வெளியே நிறுத்தி, விசில் ஊதி, கரண்டை ஏற்றினாள். கசிவு காட்டும் முள் பாதிக் கரண்டுக்கே சிவப்புக் கோட்டைத் தாண்டியது. அணைத்துவிட்டு, 'ஃபெயில்' என்று எழுதினாள்.

கோகுலகிருஷ்ணன் முதலில் கெஞ்சினார், பிறகு கத்தினார். "லைன ஆஃப் பண்ணிட்டுத்தானம்மா ஏறுறாங்க? கரண்டே இல்லாத கம்பிக்கு எதுக்கு இவ்ளோ பேஜாரு?"

"வாரியத்துல ஆஃப் பண்ணுவாங்க சார். ஊருக்குள்ள எவனாச்சும் மெயின எறக்காம ஜெனரேட்டரு போட்டிருந்தா? வீட்டுக் கரண்டு டிரான்ஸ்பார்மர் வழியா திரும்பிப் பெரிய லைனுக்கே ஏறும்."

"அப்ப வேற எடத்துல சீட்டு வாங்கிக்கிறேன்."

"வாங்கிக்கோங்க. நான் ஃபெயில்னு வாரியத்துக்கு அனுப்பிட்டேன்."

அவர் கார்க் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். வண்டி மட்டும் பட்டறையில் நின்றது.

அடுத்த நாட்களை விசாலாட்சி எப்படித் தள்ளினாள் என்று கேட்டால் அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. ஓட்டைகளைப் படம் எடுத்து, வண்டி செய்த கம்பெனியின் இன்ஜினியருக்கு அனுப்பி, ஒட்டலாமா கூடாதா என்று கேட்டாள். ஒட்டலாம், இத்தனை நேரம் உலர்த்து, இத்தனை அடுக்கு வை என்று எழுத்தில் பதில் வந்த பிறகுதான் கைவைத்தாள். இதமான சூட்டுக் காற்றை உள்ளே விட்டு இரண்டு நாள் உலர்த்தினாள். ஓட்டையைச் சுற்றிச் சரிவாகத் தேய்த்து, அடுக்கடுக்காக இழையும் பிசினும் வைத்தாள். வெளியே பிசுபிசுவென்று மழை, பிசின் இறுகுவேனா என்றது. முதலாளி இரண்டு தடவை போன் செய்து, "கொஞ்சம் ஜல்தியா பாரும்மா" என்றார். ஜல்தியாகக் காயச் சொல்லிப் பிசினிடம் யார் பேசுவது?

தினமும் சாயங்கால ரயிலில் பூவரசன் கூப்பிட்டான். "யக்கா, உங்க விழுப்புரத்துல யாரையாச்சும் கேளேன், கரண்டு எப்ப வரும்னு. இவளுக்கு ராவெல்லாம் கொசுக்கடி, புழுங்கிக்கினு கெடக்குறா. பெட்டியில மீனெல்லாம் வேற அழுகிப் போவுது."

"கேக்கறேன்டா" என்பாள். வண்டி என் பட்டறையில்தான் நிற்கிறது என்று நாக்கு நுனி வரை வரும், விழுங்கிவிடுவாள். அவன் பெண்டாட்டி இருமுகிற சத்தம் போனில் கேட்கும். ஒரு கையெழுத்துதான், போட்டால் நாளைக்கே அங்கே விளக்கு எரியும். அந்த நினைப்பை மயிலத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் சுமந்துகொண்டு வந்தாள். வீட்டில் புருஷன் சோறு போட்டு வைத்தால், பாதியில் தட்டோடு கண்ணயர்ந்துவிடுவாள்.

வெள்ளிக்கிழமை பக்கெட்டில் மணல் மூட்டை ஏற்றி பாரம் பார்த்தாள். சனிக்கிழமை காலை திரும்பக் கயிறு, திரும்ப விசில். முள் அசைந்து, சிவப்புக் கோட்டுக்கு வெகு கீழேயே நின்றுவிட்டது. காசால் தட்டினாள். கணீர். சீட்டில் கையெழுத்துப் போட்டு ஒட்டினாள். சந்தோஷம் என்று ஒன்றும் வரவில்லை, முதுகு வலிதான் தெரிந்தது. வீரமுத்து பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தான். அதை வாங்கி வண்டியின் முன் பம்பரில் சணல் கயிற்றால் அவளே கட்டிவிட்டாள்.

அன்று சாயங்காலம் ரயில் விக்கிரவாண்டியைத் தாண்டும்போது பூவரசன் கூப்பிட்டான்.

"யக்கா, கரண்டு வந்துட்ச்சு!"

"வந்துட்ச்சா? நல்லதுடா."

"அந்த வண்டி திங்கக்கெழமையே வர வேண்டியதாம்க்கா. காண்ட்ராக்டரு சொன்னாரு. திண்டிவனத்துல எவளோ ஒரு பொம்பள சீட்டு தர மாட்டேன்னு அஞ்சு நாளு புடிச்சு வச்சிருந்தாளாம். ஊரே அவளுக்கு சாபம் வுட்டுச்சு. அவளுக்கெல்லாம் புள்ளக்குட்டி இருக்குதா இல்லியா?"

விசாலாட்சி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தம்பி மேலே பேசிக்கொண்டே போனான்.

"ஒரு கூத்து கேளு. ஆளு பக்கெட்டுல மேல போயி ஸ்பேனர வச்சான் பாரு, கம்பியில பட்டுனு பொறி பறந்துச்சு. நாங்கள்லாம் போயிட்டான்னே நெனச்சோம். ஆளுக்கு ஒண்ணுமே ஆவல. மேலருந்தே எவன்டா ஜெனரேட்டரு போட்டதுன்னு கத்துறான்."

"எவன்டா போட்டது?"

"நான்தான். ஐஸு கரையுதுன்னு போட்டேன். மெயின எறக்க மறந்துட்டேன்க்கா."

வாயிலிருந்து வசவு ஒன்றும் வரவில்லை. திட்டுவதற்கும் தெம்பு வேண்டுமே.

"பூவரசா, அந்தத் திண்டிவனத்துப் பொம்பள நான்தாண்டா."

"நீ பக்கெட்டுக் கம்பெனி இல்ல?"

"அவன் நின்னுக்கினு மேல போனானே, அதாண்டா பக்கெட்டு."

முண்டியம்பாக்கத்தில் ரயில் நின்று, கிளம்பியது. அவளுக்கு அழுகை வந்தது. யாரும் பக்கத்தில் உட்காராத சீட்டு, அதனால் துடைக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

"கீழ எறங்குனதும் அவனுக்குக் கைகாலெல்லாம் ஒதறிச்சுக்கா" என்றான் பூவரசன் மெதுவாக. "நம்ம வூட்லதான் உக்காந்து தண்ணி வாங்கிக் குடிச்சான்."