ஆவடியைத் தாண்ட வைத்த நாவல்

இன்று அம்பத்தூரில் வேலை முடிந்து ரயில் ஏறினேன். கையில் புது த்ரில்லர். மந்திரியின் மச்சானுக்கு ஃபேக்டரி நிலம் வேண்டும் என்பதற்காக ஒரு கம்பெனியே ஆட்களை வேலையைவிட்டுத் தூக்குகிற கதை.

பக்கத்து சீட் அக்கா ஓரக்கண்ணால் கூடவே படித்தார். “திருப்பிடாதீங்க, இன்னும் ரெண்டு வரி இருக்கு” என்றார்.

கதையில், உண்மையைச் சொல்லக் கிளம்பிய அக்கவுண்டன்ட் ஏறிய லிஃப்ட் பாதியில் நின்றது. நாங்கள் இருவரும் மூச்சே விடவில்லை.

நிமிர்ந்து பார்த்தால் வேப்பம்பட்டு. இருவரும் இறங்கவேண்டியது ஆவடி.

திரும்பும் ரயிலுக்குக் காத்திருந்தோம். “கதையில வர்ற அந்த எச்.ஆர். பொம்பளதாங்க அக்கவுண்டன்ட்டைக் காட்டிக் குடுத்திருக்கா. நானும் எச்.ஆர்.தான், எனக்குத் தெரியாதா?” என்றவர், “ஆமா, நீங்க எந்தக் கம்பெனி?” என்றார்.

எங்கள் ஆபீசிலும் ஆட்குறைப்புப் பேச்சு ஓடுகிறது. எச்.ஆர்.காரர்களுக்குள் பேச்சு போய்விடும் என்று பயந்து, ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டேன்.

கழுத்தில் கம்பெனிப் பெயரோடு ஐடி கார்டு தொங்கியது வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது. அதையும் ஓரக்கண்ணால் படித்திருப்பாரா?