கோசலையின் பெயரில் ஓர் அட்டை

பரிஸில் ரூ பஜோல் தெரு மூலையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவன் நான். பெயர் குணரத்தினம். எங்கள் தமிழ் ஆட்கள் கூடும் லா சப்பலில் யார் வீட்டில் என்ன விசேஷம் என்பது அழைப்பிதழ் அச்சாகும் முன்பே என் காதுக்கு வந்துவிடும். பெண் பிள்ளையின் சாமத்திய வீடோ கலியாணமோ, அரிசியும் பருப்பும் மிளகாய்த்தூளும் என்னிடம்தான். ஆனால் சோடா, தண்ணீர்ப் போத்தல், கடதாசித் தட்டு, கோழி, பால் என்று காசு பெயர்கிற சாமான் எல்லாம் மரியகொறற்றி கைக்குப் போய்விடும். அவள் அதை வெள்ளைக்காரனின் சுப்பர்மார்க்கெட்டில்தான் வாங்குவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கொறற்றி மன்னார்ப் பெண். விடிய எழும்பி அலுவலகங்கள் துப்புரவாக்கப் போகிறவள். புருஷன் யோனுக்கு உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. ஒரே மகள் லக்சிகா. புறநகர் ஓல்னே-சூ-புவா மண்டபத்தில் பூப்புனித நீராட்டு என்றாலும் சரி, கோயில் திருநாள் என்றாலும் சரி, "சாமான் நான் வாங்கித் தாறன்" என்று முன்னுக்கு வந்து நிற்பாள். கூலி கேட்க மாட்டாள். மிச்சத்தைச் சதம் பிசகாமல் திருப்பிக் கொடுப்பாள். பற்றுச்சீட்டை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்வாள். இதுதான் என் மண்டையைக் குடைந்தது. பரிஸில் எவர் சும்மா சுமை தூக்குவார்?

கொமிசன் அடிக்கிறாள் என்று கடையில் பேச்சு. அந்தப் பேச்சுக்கு உப்பும் புளியும் போட்டவர்களில் நானும் ஒருவன். எந்த வழியால் அடிக்கிறாள் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. ஒருநாள் நேரே கேட்டுவிட்டேன்.

"பிள்ளை, உமக்கு இதிலை என்ன லாபம்?"

"உடம்புக்கு நல்லது அண்ணை. நீங்களும் கல்லாவை விட்டு எழும்பி நாலு பெட்டி தூக்கினா தொந்தி குறையும்."

கடையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டியதாயிற்று.

2022 ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் கடைக்கு வந்தாள். கையில் ஒரு பிஸ்கட் டின். முகம் செத்துப்போயிருந்தது.

"கோசலை அக்கா நிக்கிறாவோ?"

கோசலை என் மனைவி. அவள் உள்ளேயிருந்து வந்ததும் கொறற்றி டின்னைத் திறந்தாள். வருசம் வருசமாக ரப்பர் பட்டி போட்ட பற்றுச்சீட்டுகள். பிறகு கதையைச் சொன்னாள்.

2009இல் அவளுக்கு விசா இல்லை. எங்கள் கட்டிடத்தில்தான் மேல்மாடியில் ஓர் அறையில் இருந்தார்கள். சுப்பர்மார்க்கெட்டில் புள்ளி சேர்க்கும் அட்டை ஒன்றுக்குப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். பெயரும் முகவரியும் எழுதினால் போதும், விசாவை யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் விசா இல்லாதவருக்கு பிரெஞ்சுக்காரன் நீட்டும் எந்தக் கடதாசியிலும் தன் பெயரை எழுதக் கை வராது. எனக்கும் ஒரு காலத்தில் வரவில்லை. "என்ரை பேரை எழுதும்" என்றாளாம் கோசலை. சொன்னவள் அந்தக் கிழமையே மறந்துபோனாள். கொறற்றி மறக்கவில்லை.

புள்ளி காசாகும் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். லக்சிகாவுக்கு அப்போது ஐந்து வயது. சம்பளத்தில் மிச்சம் பிடிக்க வழியில்லை, இதுதான் பிள்ளையின் படிப்புக் காசு என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாள். மூன்று பேர் சாப்பாட்டுக்கு எவ்வளவு புள்ளி விழும்? அதனால்தான் ஊரார் விசேஷம் எல்லாவற்றையும் தோளில் போட்டுக்கொண்டாள். விசா கிடைத்த பிறகும், பெயரை மாற்றினால் புள்ளி அழிந்துவிடும் என்று பயந்து அப்படியே விட்டாள். ஒவ்வொரு சீட்டின் அடியிலும் இருந்த புள்ளிகளைக் கூட்டிக் கூட்டி வைத்தாள்.

இப்போது லக்சிகாவுக்கு மூக்குக்கண்ணாடி செய்யும் படிப்புக்கு ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் இரண்டாயிரத்து நூறு யூரோ கட்டாவிட்டால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். டின்னில் அந்தத் தொகை இருக்கிறது என்று நம்பிக் காலையில் சுப்பர்மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாள். மேசையில் இருந்த பெண் திரையைப் பார்த்துச் சொன்னாளாம்: புள்ளி அட்டையில் தேங்கிக் கிடப்பதில்லை; நிரம்ப நிரம்ப அதை வவுச்சராக்கி, அட்டைக்குரியவரின் முகவரிக்குத் தபாலில் அனுப்பிவிடுவோம்; அனுப்பிய எல்லாம் செலவாகியும் விட்டது.

"அக்கா, உங்கடை வீட்டுக்கு அப்பிடி ஏதும் கடிதம் வந்ததோ?"

"எனக்குத் தெரியாது பிள்ளை. தபால் பெட்டித் திறப்பு இவரிட்டைத்தான்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நீல உறையில், கோசலையின் பெயருக்கு வந்தது. பெண்சாதி எங்கேயோ அட்டை எடுத்துவிட்டு மறந்துபோனாள் என்று நினைத்தேன். கேட்டால் வவுச்சரைத் தன்னிடம் தா என்பாள், அதனால் கேட்கவில்லை. அதே சுப்பர்மார்க்கெட்டில் அதைக் கொடுத்துச் சோடாப் பெட்டி வாங்கி வந்து என் கடையில் விற்றேன். கொறற்றியின் லாபம் எங்கே போகிறது என்று இத்தனை வருசம் துப்புத் துலக்கியவன் நான்.

தப்பிக்கக் கொறற்றியே எனக்கு வழி காட்டினாள்.

"உங்கடை கட்டிடத்திலை தபால் பெட்டியள் உடைஞ்சுதானே கிடந்தது அண்ணை. ஆரும் எடுத்திருப்பினம், என்ன?"

"ஓம்" என்றேன்.

அவள் டின்னை மூடினாள். "குறை நினைக்காதேங்கோ அக்கா, உங்களைச் சந்தேகப்பட்டுக் கேக்கேல்லை" என்று கோசலையிடம் சொல்லிவிட்டுப் போனாள். கோசலை சோடாப் பெட்டிகளை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள், உள்ளே போனாள்.

மறுநாள் மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு, கொறற்றி இப்போது இருக்கும் ஸ்தேன் புறநகருக்குப் போனேன். கதவைத் திறந்த லக்சிகா, கடைக்காரர் வந்திருக்கிறார் என்று பிரெஞ்சில் தாயைக் கூப்பிட்டாள். கொறற்றி உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தால் சாட்டுச் சொல்லத் தோன்றும் என்று நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நீல உறை, சோடா, நேற்றுச் சொன்ன பொய், கொமிசன் கதை, ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. சொல்லி முடித்து இரண்டாயிரத்து நூறு யூரோக் காசோலையை நீட்டினேன். கல்லூரியின் பெயரை அவளே எழுதட்டும் என்று அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தேன்.

அவள் வாங்கினாள். பேனை எடுத்து எழுத்துக் கூட்டி எழுதினாள். மகளிடம் கொடுத்து, "ஓடு, நாலு மணிக்குப் பூட்டிப்போடுவாங்கள்" என்றாள். பிள்ளை சப்பாத்துக்குள் காலை நுழைத்துக்கொண்டு ஓடியது. படிகளில் சத்தம் அடங்கியதும் கொறற்றி என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப பதின்மூண்டு வருசமா நான் உங்கடை கடைக்குத்தான் பெட்டி தூக்கியிருக்கிறன், என்ன அண்ணை?"

குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ஓம் பிள்ளை" என்றேன்.